எதிர் மண்டபத்து வர்ணனையாளர்

போன மாதம் எடிசன் நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் கார்த்திக் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்த அதே சாட்டிலைட் நிலையத்தில் இப்போது அவர் இன்ஜினியர். தட்டில் இரண்டு குலாப்ஜாமூன், மனத்தில் ஒரு சந்தேகம்.

"அங்கிள், நம்ம ஆபரேஷன்ஸ் மேனுவல்ல ஒரு பாரா இருக்கு. நியூட்ரல் கிரவுண்ட்ல மேட்ச்னா, கமென்ட்ரி எந்த டீமோடதுன்னு காதால கேட்டு கன்ஃபர்ம் பண்ணாம கனெக்ட் பண்ணக் கூடாதுன்னு. இப்பல்லாம் சிஸ்டமே பேர் போட்டு அனுப்புது. டெலீட் பண்ணிடலாமா?"

"தாராளமா பண்ணுங்க. எதுக்காக வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டு பண்ணுங்க."

"ஷார்ட்டா சொல்லுங்களேன்."

சுருக்கமாகச் சொல்ல வராத காரணத்தால்தான் இதை எழுதுகிறேன். அவருக்காகப் பயிற்சிக் காலத்தை மட்டும் சுருக்கிவிடுகிறேன். கோயம்புத்தூரில் படித்தேன். அரசாங்கத் தொலைத்தொடர்பில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அதில் நாலு வருடம் ஒரு உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தேன். பிறகு அமெரிக்கா வந்து, நியூ ஜெர்சியின் வடக்கே ஒரு குன்றின் மேல் பதினோரு டிஷ்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை தபால்காரர் வேலை. கடிதம் மட்டும் வானத்திலிருந்து வரும். ஐரோப்பாவில் ஒருவர் அனுப்புவதை வாங்கி, அமெரிக்காவில் பணம் கட்டியவருக்குத் தள்ளிவிட வேண்டும். பிரித்துப் படிக்கக் கூடாது, ரசிக்கக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. இருபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ உலகச் செய்திகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. அவற்றில் வண்ணம் சரியாக இருந்ததா, சத்தம் சரியாக இருந்ததா என்று மட்டுமே எனக்குத் தெரியும்.

நிலையத்தின் தலைவர் ஸ்டான். கடற்படையில் ரேடியோ பார்த்தவர். ஒல்லி, சாம்பல் நிறக் கம்பளி மேல்சட்டை, பகல் பதினொன்றரைக்கு ஒரு ஹாம் சாண்ட்விச். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தவேண்டிய இடத்தில் தாழ்த்துவார். நாம் குனிந்து கேட்கவேண்டியிருக்கும். அதுவே தண்டனை. அவரிடம் சில வார்த்தைகளுக்குத் தடை. 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று சொன்னால் தொலைந்தோம். "எப்படி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீ என்ன பார்க்கிறாய், என்ன கேட்கிறாய்?" என்பார். கல்யாணமாகி முப்பது வருடம் ஆனவர். வீட்டிலும் இப்படித்தான் பேசுவாரா என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் நடந்தது. அவர் மனைவியைக் கேட்கத் துணிந்தவர் இல்லாததால் முடிவு தெரியவில்லை.

ஒரு ஒளிபரப்பை வாங்குவதற்கும் முறை உண்டு. முக்கால் மணி முன்பாக அனுப்பும் நாட்டை ஃபோனில் கூப்பிட வேண்டும். பெயர், புக்கிங் எண், கிரீன்விச் நேரம். நம்மூர்ச் சுவர்க் கடிகாரத்தின் நேரத்தைச் சொன்னால் மறுமுனையில் மரியாதையாக ஒரு சிரிப்பு வரும். பிறகு அவர்கள் ஏழு வண்ணப் பட்டைகளை அனுப்புவார்கள். கூடவே ஒரே சுருதியில் ஓர் ஊளை. "பட்டைகளைப் பார்க்கிறேன், ஊளையைக் கேட்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் படத்துக்கும் அமெரிக்காவின் படத்துக்கும் கோடுகளின் கணக்கு வேறு. அதை மாற்றித் தரும் பெட்டி ஒன்று உண்டு, அதற்கு அரை மணி சூடேற்றம். கடைசியாக வர்ணனை. வர்ணனையாளர்கள் மைதானத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். ஒன்றாம் ஒலித் தடத்தில் சொந்த ஊர் அணியின் வர்ணனை, இரண்டாம் தடத்தில் விருந்தாளி அணியின் வர்ணனை. இரண்டையும் நம் பலகையில் உரிய குழியில் ஒயரால் குத்திவிட்டு, பதிவேட்டில் குத்தியவர் தன் இனிஷியலைப் போட வேண்டும். தவறு நேர்ந்தால் இனிஷியல் யாருடையதோ, தவறும் அவருடையது. இந்தக் கடைசி விதியை எழுதியது நான். விதிப் புத்தகத்தில் பாதி என் கைவேலைதான். ரொம்பத் தெளிவான விதி என்று அப்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இனி அந்த இரண்டாயிரமாவது வருடத்து மே மாதத்துக்கு வருகிறேன். பாரிஸில் ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் கோப்பைக்கான இறுதி ஆட்டம். எங்கெங்கோ ஆடி, யார் யாரையோ வீழ்த்தி, கடைசியில் வந்து நின்றவை ஒரே நாட்டின் இரண்டு கிளப்புகள். இரண்டுமே ஸ்பெயின். ஒன்று தலைநகரத்துக் கிளப், மற்றது கடலோர நகரத்துக் கிளப்.

பக்கத்து நூவார்க் நகரில் ஸ்பெயின்காரர்கள் நெருக்கமாக வாழும் ஒரு தெரு உண்டு. அதில் எதிரும் புதிருமாக இரண்டு மண்டபங்கள். தலைநகரத்துக் கிளப்பின் ரசிகர் மண்டபத்துக்குத் தலைவர் ஆந்த்ரேஸ். கடலோரக் கிளப்பின் ரசிகர் மண்டபத்துக்குத் தலைவர் விசெந்தே. ஆந்த்ரேஸின் தங்கையைத்தான் விசெந்தே கட்டியிருந்தார். ஒரே ஆட்டம், ஒரே படம். ஒரு மண்டபத்தில் சேர்ந்து பார்க்கலாம் என்று எங்கள் விற்பனைப் பிரிவின் புதுப் பையன் யோசனை சொல்லிவிட்டு, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒப்பந்தத்தில் இருவரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள்: படம் எப்படியும் போகட்டும், வர்ணனை எங்கள் ஊர் ரேடியோக்காரருடையதாக இருக்க வேண்டும். எதிராளியின் வாய் எங்கள் கூரைக்குக் கீழே திறக்கக் கூடாது.

அன்று பலகையில் வசந்தி. ஈரோட்டுப் பெண். எங்கள் நிலையத்தில் அவரைப்போல் காது உள்ளவர் யாரும் கிடையாது. ஊளையில் ஒரு மயிரிழை ஏறினாலும் நிமிர்ந்து பார்ப்பார். கிரீன் கார்டு மனு கடைசிக் கட்டத்தில் இருந்தது. விசா ஆகஸ்டில் முடிகிறது. அதற்குள் ஸ்டான் கையெழுத்திட்ட வேலைக் கடிதம் வக்கீலிடம் போயாக வேண்டும். கடிதம் தட்டச்சாகி ஸ்டான் மேசையில் இருந்தது. கம்பெனியின் வழக்கம் என்னவென்றால், ஓர் ஆபரேட்டர் பெயரில் தவறுப் படிவம் எழுதப்பட்டுவிட்டால், தலைமையகம் விசாரித்து முடிக்கும்வரை அவருக்கு எந்தக் கடிதமும் கிடையாது. தலைமையகம் விசாரிக்க ஆறு மாதம் எடுக்கும். வசந்தியின் கணவர் முரளி சிவில் இன்ஜினியர். சார்ந்தோர் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாமல் ஐந்து வருடமாக அபார்ட்மென்டில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அந்த மாதம் ஒரு விஷயம் கனிந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் ஸ்டான் ஓய்வு. அந்த நாற்காலி எனக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. என் மனைவி, நாங்கள் குடியிருந்த பார்சிப்பனியில் பாதிப் பேருக்குச் சொல்லியும் ஆயிற்று.

மதியம் இரண்டு மணி. பட்டைகள் வந்தன, ஊளை வந்தது. பெட்டி சூடேறியது. வர்ணனையாளர்கள் எண்ணத் தொடங்கினார்கள். வசந்தி இரண்டு தடங்களையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"சார், ரெண்டு பேரும் ஒரே பாஷைங்க."

இது எவ்வளவு பெரிய செய்தி என்று எனக்கு உறைக்கவில்லை. அதுவரை நாங்கள் தடத்தை அடையாளம் கண்டதெல்லாம் மொழியை வைத்துத்தான். இத்தாலிக்காரரும் ஜெர்மன்காரரும் மோதினால், இத்தாலியனில் எண்ணுபவர் இத்தாலிக்காரர். அன்று இருவரும் 'உனோ, தோஸ், த்ரேஸ்' என்றார்கள். அது மட்டுமல்ல. பாரிஸ் இரண்டு அணிக்குமே சொந்த ஊர் இல்லை. காகிதத்துக்காக யாரோ ஒரு அணியைச் 'சொந்த அணி' என்று குறித்திருப்பார்கள். யாரை?

"எது யாருதுன்னு எப்படிங்க சார் குத்தறது?"

நான் பேகலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றைய புக்கிங் ஷீட்டைப் பார்த்தேன். முதலில் கடலோரக் கிளப், இரண்டாவது தலைநகரத்துக் கிளப்.

"ஷீட்ல முதல்ல இருக்கறதுதாம்மா ஹோம் டீம். அப்படித்தான் இருக்கணும். குத்துங்க."

"பாரிஸைக் கேட்டுப் பார்த்துரலாமுங்களா?"

"இதுக்கெல்லாம் போய்க் கேட்டா சிரிப்பாங்க."

வசந்தி குத்தினார். பதிவேட்டில் இனிஷியல் போட்டார். ஒன்றாம் தடம் விசெந்தேயின் மண்டபத்துக்கும், இரண்டாம் தடம் ஆந்த்ரேஸின் மண்டபத்துக்கும் போயின. ஷீட்டை எங்கள் விற்பனைப் பையன் தட்டச்சு செய்திருந்தான் என்பதும், யார் முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்களோ அவர்கள் பெயரை மேலே போட்டிருந்தான் என்பதும், விசெந்தே அவசரக்காரர் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன.

இரண்டே முக்காலுக்கு ஆட்டம் தொடங்கியது. ஏழு நிமிடம் கழித்து ஃபோன். ஆந்த்ரேஸ்.

"யார் இந்த ஆள்? எங்கள் கேப்டனைக் கிழவன் என்கிறான்! என் மண்டபத்தில்!"

வசந்தி விதிப்படி கேட்டார்: "சார், உங்களுக்கு என்ன கேட்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

"துரோகம் கேட்கிறது!"

வசந்தி அதை அப்படியே பதிவேட்டில் எழுதினார்: 'மணி 2.52. துரோகம் கேட்பதாக வாடிக்கையாளர் சொல்கிறார்.' எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், மாத்திக் குத்திட்டனா?"

"அதெப்படி? மாறியிருந்தா எதிர் மண்டபத்துலேருந்தும் ஃபோன் வந்திருக்கணும். அங்க ஒரு சத்தமும் இல்லையே."

இது என் கண்ணுக்கு நல்ல தர்க்கமாகத் தெரிந்தது. விசெந்தே என்ன, எதிராளியின் வர்ணனையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய ஆளா? அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்தான். ஆனால் வாடிக்கையாளரை நாமாகக் கூப்பிட்டு ஏதாவது கோளாறா என்று கேட்கவே கூடாது என்பது ஸ்டானின் சட்டம். கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்களாம். ஓடிக்கொண்டிருக்கும் ஒயரை ஒரு வாடிக்கையாளர் சொல்லை மட்டும் நம்பித் தொடவும் கூடாது. இரண்டு சாட்சி வேண்டும். அதிலும், கால்பந்து பார்ப்பவர் சாட்சி ஆகமாட்டார். ஸ்டானோ கீழ்த்தளத்தில் தலைமையகத்து ஆட்களோடு வருடாந்திரக் கூட்டத்தில் இருந்தார்.

பாரிஸைக் கூப்பிட்டோம். அங்கே லைனை எடுத்தவர், ஆட்டம் நடக்கிறது, ஆட்டம் முடிந்ததும் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். நாங்கள் கேட்டதும் ஆட்டத்தைப் பற்றித்தான் என்பதைச் சொல்ல அவகாசம் தரவில்லை.

கான்டீன் ரோஸாவைக் கூப்பிட்டு வந்தேன். ஈக்வடார்க்காரி, ஸ்பானிஷ் தாய்மொழி. சூப் கரண்டியோடு வந்து, ஹெட்ஃபோனை மாட்டி, இரண்டு தடத்தையும் தலா ஒரு நிமிடம் கேட்டார்.

"இரண்டு பேரும் பைத்தியம். இவன் வேகமான பைத்தியம், அவன் மெதுவான பைத்தியம்."

"எவன் எந்த ஊர்?"

"இப்போது இரண்டு பேரும் நடுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஊர் வித்தியாசம் இல்லை."

"வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பது?"

"கோல் விழட்டும். யாருடைய மூச்சு நீளுகிறதோ, கோல் அவனுடையது." சூப் தீய்கிறது என்று போய்விட்டார்.

இருபத்து மூன்று வருட உத்தியோகத்தில் நான் கடவுளிடம் ஒரு கோல் கேட்டது அன்றுதான். எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி. வசந்தி ஒரு காதில் ஒன்றாம் தடம், இன்னொரு காதில் இரண்டாம் தடம் வைத்துக்கொண்டு, இரண்டு ஒயர்களின் தலையிலும் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆந்த்ரேஸ் நடுவில் மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் துரோகத்தின் விவரம் கூடிக்கொண்டே போனது. விசெந்தேயின் மண்டபத்திலிருந்து சத்தமே இல்லை.

"இவங்க கோல் போடாமயே தொண்ணூறு நிமிஷம் ஓட்டிருவாங்களாட்டம் இருக்குதுங்க சார்."

"பெனால்ட்டி வரைக்கும் போனாலும் போகும்."

"அப்படி எல்லாம் சொல்லாதீங்க சார்."

நாற்பதாவது நிமிடம் நெருங்கும்போது தலைநகரத்து ஆள் ஒருவர் எகிறித் தலையால் முட்டினார். பந்து உள்ளே. ஒன்றாம் தடத்தில் 'கோ...' என்று தொடங்கிய குரல் நிற்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், முப்பத்தெட்டு விநாடி. இரண்டாம் தடத்தில் ஒருவர், சாவுச் செய்தி வாசிப்பவரைப்போல், "கோல்" என்றார். அவ்வளவுதான்.

வசந்தி ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார். "மாத்திதானுங்க குத்தியிருக்கோம்."

கவனித்தேன், 'குத்தியிருக்கேன்' என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். பதிவேட்டில் இருந்தது அவர் இனிஷியல் மட்டும்தான்.

இடைவேளைக்கு ஸ்டான் மேலே வந்தார். இரண்டு தடத்தின் பதிவையும் ஓடவிட்டுக் கேட்டார். ஒயர்களைத் தன் கையால் மாற்றிக் குத்தி, தன் இனிஷியலைப் போட்டார். ஆந்த்ரேஸ் இனி அடங்குவார் என்று நாங்கள் மூச்சு விட்டோம். அடுத்த பத்தாவது நிமிடம் ஃபாக்ஸ் மெஷின் அலறியது. ஆந்த்ரேஸின் மண்டபத்துக் கடிதத்தாள். பெரிய எழுத்தில்:

'எங்கள் கோலின்போது அழுத அந்த மனிதரைத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் ஆள் வேண்டாம். எதிரி அழுவதைக் கேட்பதில் உள்ள சுகம் இதுவரை எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டாம் பாதிக்கும் அவரே வேண்டும்.'

எழுத்து மூலமான வேண்டுகோள். ஸ்டான் படித்தார், மடித்தார், ஆந்த்ரேஸின் மண்டபத்துக்கு மறுபடியும் இரண்டாம் தடத்தைக் கொடுத்தார். விசெந்தேயின் மண்டபத்துக்கும் அதே தடம், அவர்களுடைய சொந்த வர்ணனையாளர். ஆக இரண்டாம் பாதியில் இரு மண்டபமும் ஒரே வாயிலிருந்து கேட்டன. விற்பனைப் பையன் முதலில் சொன்ன யோசனைக்கு இது ரொம்பப் பக்கம். தலைநகரத்துக் கிளப் இன்னும் இரண்டு போட்டது. மூன்றுக்குப் பூஜ்யம். ஆந்த்ரேஸின் மண்டபத்தில் அன்று கிடைத்த சந்தோஷத்தை எந்த ஒப்பந்தமும் தந்திருக்க முடியாது.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டான் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒருபுறம் வசந்தியின் கடிதம், மறுபுறம் தவறுப் படிவம். படிவத்தை முடித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடுவேன் என்றார். நியாயம்.

நான் போவதற்கு முன்பே ஒரு காரியம் பார்த்து வைத்திருந்தேன். ஆந்த்ரேஸின் ஃபாக்ஸின் மேல் விளிம்பில், அனுப்பிய மெஷின் அச்சடிக்கும் நேரம் 2.41 என்று இருந்தது. உண்மையில் வந்தது 3.41க்கு. வசந்த காலத்தில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியபோது, அந்த மண்டபத்தில் யாருக்கும் மெஷினைத் தள்ளத் தோன்றவில்லை. காகிதத்தின்படி பார்த்தால், ஆட்டம் தொடங்க நாலு நிமிடம் முன்பே வாடிக்கையாளர் எதிரணியின் வர்ணனையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். தவறே இல்லை, சேவை.

ஃபாக்ஸை அவர் முன்னால் வைத்து, நேரத்தின் மேல் விரலை வைத்தேன்.

ஸ்டான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இரண்டு நாற்பத்தொன்று," என்றார். "அப்படியானால் இந்த மனிதர், தொடங்காத ஆட்டத்தில், நாற்பதாவது நிமிடத்தில் விழப்போகும் கோலுக்கு யார் அழுவார் என்பதுவரை சொல்லியிருக்கிறார். இவரை ஏன் நாம் வேலைக்கு எடுக்கவில்லை?"

ஃபாக்ஸை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஒயரைக் குத்தியது யார்?"

"வசந்தி."

"எது எந்தத் தடம் என்று அவளுக்கு யார் சொன்னது?"

இங்கேதான் நான் எழுதிய விதி எனக்குக் குடை பிடித்தது. படிவத்தில் கேட்பது குத்தியவர் பெயர்தான். சொன்னவர் பெயருக்குக் கட்டமே கிடையாது. நான் பேசாமல் இருந்திருந்தால் முழுக்க முழுக்க முறைப்படி நடந்திருக்கும்: வசந்தி ஈரோட்டுக்கு, நான் நாற்காலிக்கு. அறையில் காற்றாடி ஓடியது. இருக்கக் கூடாத அளவுக்கு நேரம் இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நான்," என்றேன். "ஷீட்டில் முதலில் இருப்பதுதான் சொந்த அணி என்று சொன்னேன். பாரிஸைக் கேட்கலாமா என்றாள். வேண்டாம் என்றேன்."

"என்ன வார்த்தை சொன்னாய்?"

"அப்படித்தான் இருக்கணும் என்றேன்."

ஸ்டானின் குரல் தாழ்ந்தது. நான் குனிந்தேன்.

"நீயா?" என்றார். அவ்வளவுதான்.

படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'குத்தியவர்' என்ற கட்டத்தை அடித்து, அதன் மேல் 'தவறான உத்தரவு தந்தவர்' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அச்சிட்ட கட்டத்தை அடிப்பது என் வாழ்க்கையில் முதல் முறை. ஸ்டான் எண் முத்திரை குத்தி, கீழ்ப்பிரதியைக் கிழித்துத் தலைமையகத்துப் பையில் போட்டார். அந்த ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பையும் அவர்களோடு போயிற்று.

அடுத்தது, தவறால் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளரிடம் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஸ்டான் ஸ்பீக்கரில் விசெந்தேயைக் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் ஆள் உயிரோடு இருப்பதற்கான அறிகுறி ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

"முதல் பாதியில் உங்களுக்கு எதிரணியின் வர்ணனை வந்துவிட்டது. நிலையத்தின் சார்பில் வருந்துகிறேன்."

"வர்ணனையா?" என்றார் விசெந்தே. "எங்களுக்கு வர்ணனையே வரவில்லையே."

"வரவில்லையா?"

"நாங்கள்தான் சத்தத்தை அணைத்துவிட்டோம். எங்கள் ஊர் ரேடியோக்காரன் ராசியில்லாதவன். அவன் வாய் வைத்த இறுதி ஆட்டம் எதிலும் நாங்கள் ஜெயித்தது கிடையாது. அவனை மற்றவர்கள் கையில் விடக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டு வாங்கினேன். வாங்கி, அணைத்துவிட்டு, ரிமோட்டை என் மனைவியின் கைப்பையில் போட்டுப் பூட்டினேன்."

ஸ்டான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு நிமிடம்," என்றார் விசெந்தே. குரலுக்குத் திடீரென்று உயிர் வந்தது. "எங்களுக்கு எதிரணியின் ஆள் வந்தான் என்றால், எங்கள் ஆள் எங்கே போனான்?"

ஸ்டான் உண்மை பேசுபவர். "உங்கள் மைத்துனரின் மண்டபத்துக்கு."

"அப்படியானால் தெருவில் கேட்டது அவன் குரல்தானா! ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, ஆட்டம் முழுக்க! என் கையால் பூட்டிய வாயை நீங்கள் எதிர்வீட்டில் திறந்துவிட்டீர்களா? தோற்காமல் என்ன செய்வோம்?"

நாலு நிமிடம் பேசினார். ஸ்டான் எல்லாவற்றையும் கேட்டு, மறுபடியும் வருத்தம் தெரிவித்து, ஃபோனை வைத்தார்.

"இதற்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறதா?"

"இல்லை."

யாருமே கேட்காத தவறுக்காக என் பெயர் பையில் ஏறித் தலைமையகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டு நிறுத்தலாமா என்று ஸ்டான் கேட்கவில்லை. எண் விழுந்த படிவத்தைத் திரும்பப் பெற முடியாது. முந்தைய வருடம் ஒருவன் அப்படிப் பெற்றுவிட்டான் என்று, அந்த ஓட்டையை அடைத்து நாலு வரி எழுதியதும் நான்தான். கார்த்திக் கேட்ட பாரா புத்தகத்தில் ஏறியது இதற்குப் பிறகுதான். செப்டம்பரில் டெக்ஸாஸிலிருந்து ஒருவரை அழைத்து வந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பட்டைகளைப் பார்த்து 'பிரமாதம்' என்று சொல்வார். அவருக்குக் கீழே ஒன்பது வருடம் இருந்தேன். பார்சிப்பனியில் யாருக்கெல்லாம் சொல்லியிருந்தாளோ, அவர்களையெல்லாம் கோவிலில் பார்க்கும்போது என் மனைவி தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அன்றைய சாயங்காலம் இன்னும் பாக்கி இருந்தது. தவறுப் படிவத்தின் மேல்பிரதியை அந்த ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் படித்து, படித்ததற்கு இனிஷியல் போட்டால்தான் படிவம் முடியும். அதுவரை ஸ்டான் கடிதத்தைத் தொடமாட்டார். எடுத்துப்போய் வசந்தியிடம் நீட்டினேன். படித்தார். இரண்டாவது முறை படித்தார்.

"இதென்னங்க சார் இது? குத்தினது நானு."

"குத்தச் சொன்னது நான்."

"கேக்கலாமான்னு எனக்குத் தோணுச்சு இல்ல? தோணினதுக்கப்புறம் குத்தினது யாரு தப்பு?"

"வசந்தி, இதுல படிச்சீங்களான்னுதான் கேக்கறாங்க. சரியா தப்பான்னு கேக்கல. இனிஷியலப் போட்டுக் குடுங்க."

"பொய்க்குக் கீழ கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"பாதி உண்மைக்குக் கீழ. முரளியையும் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போய் அங்க மீதிப் பாதியச் சொல்லி என்ன பண்ணப் போறீங்க?"

முரளி பெயரைக் கேட்டதும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆனால் ஈரோட்டுப் பிடிவாதம். பேனாவை வாங்கி, இனிஷியல் போடும் சின்னக் கட்டத்தில் குனிந்து எழுதினார். இனிஷியலுக்கு ஆகும் நேரத்தைவிட அதிகம் ஆயிற்று. படிவத்தை வாங்கிப் பார்த்தேன். கட்டத்தை மீறி ஓரம் வரை, பொடி எழுத்தில், தமிழில் இரண்டு வரி: 'படித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஒயரைக் குத்தியது நான், சந்தேகப்பட்டும் குத்தினேன். வசந்தி.'

புது மேல்பிரதிக்கு இடமில்லை. எண் விழுந்தாயிற்று. அப்படியே கொண்டுபோய் ஸ்டான் முன்னால் வைத்தேன்.

கட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன இது?"

"வசந்தியின் இனிஷியல்."

"இரண்டு வரியா?"

"எங்கள் பக்கம் அப்படித்தான். ஊர்ப் பெயர் வரும், தாத்தா பெயர் வரும், அப்பா பெயர் வரும். நீங்கள் என் பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறீர்களே."

ஸ்டான் அந்த இரண்டு வரியையும் இடமிருந்து வலமாக, படிக்கத் தெரிந்தவரைப்போல, கடைசி எழுத்து வரை பார்த்தார். கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியின் மேல் சற்று நேரம் நின்றார்.

"பெரிய குடும்பம்," என்றார்.

படிவத்தைக் கோப்பில் வைத்து மூடினார். கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.